இலை பச்சையா, நீலமா?

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது, பதில் போடத்தான் கை ஒழியவில்லை. காரணம் சொன்னால் சிரிப்பாய். ஏழாம் வகுப்பில் நீ போட்டுக் கொடுத்த கைக்குட்டையை என்னுடையது என்று தையல் டீச்சரிடம் காட்டி மார்க் வாங்கியவள், இப்போது இங்கே இங்கிலாந்தில் ரெடிங் பக்கத்தில் ஒரு பழைய வீட்டுக்காக வாரம் ஒரு நாள் சம்பளமில்லாமல் எம்பிராய்டரி போடுகிறேன்!

அந்த வீட்டில் 17ஆம் நூற்றாண்டுக் கட்டில் திரை ஒன்று இருக்கிறது. லினன் துணியில் கம்பளி நூல் வேலை, தொட்டால் உதிர்கிறது. அதை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு அதே மாதிரி ஒன்றை மாட்ட வேண்டும், நாங்கள் 11 பேர். முதல் நாளே சண்டை. ஏனென்றால் திரையில் இலையெல்லாம் நீலம். அந்தக் காலத்தில் வெல்ட் என்ற செடியின் மஞ்சளிலும் நீலச் சாயத்திலும் மாற்றி மாற்றி முக்கித்தான் பச்சை நூல் எடுப்பார்களாம், வெளிச்சம் பட்டுப் பட்டு மஞ்சள் போய்விடும், நீலம் மட்டும் தங்கும். உள்துணி பிரிந்திருந்த ஓரத்தை மெல்லத் தூக்கிக் காட்டினார்கள். பின்பக்கம் அதே இலை, இன்று காலை பறித்த கறிவேப்பிலை மாதிரி பச்சை. சிலிர்த்துப் போய்விட்டதடி. பாதிப் பேர் இன்றைக்குத் தெரிகிற நீலமே இருக்கட்டும் என்றார்கள், நான் பச்சைக் கட்சி, கடைசியில் நாங்கள்தான் ஜெயித்தோம்.

அப்புறம் ஒரு நாள் எல்லோருமாக ரெடிங் மியூசியம் போனோம். பிரான்ஸின் பேயோ திரைச்சீலை, 1066இல் நார்மன்கள் இங்கிலாந்து மேல் படையெடுத்த கதையைச் சொல்கிற சுமார் 70 மீட்டர் எம்பிராய்டரித் துணி, அதன் நகல் அங்கே இருக்கிறது. லீக் என்ற ஊரில் எலிசபெத் வார்டில் என்ற பெண்மணி 35 பெண்களைச் சேர்த்துக்கொண்டு 1886இல் முடித்தது. ஒரு மியூசியத்தில் இருந்த, வண்ணம் தீட்டிய போட்டோக்களைப் பார்த்துத்தான் துணியில் வரைந்தார்களாம். அசலில் ஓரத்தில் அம்மணமாக நிற்கிற ஓர் ஆளுக்குப் போட்டோவிலேயே யாரோ ஜட்டி மாட்டிவிட, இவர்களும் அதை அப்படியே தைத்து வைத்திருக்கிறார்கள்! அதைவிட எனக்குப் பிடித்தது, ஒவ்வொருத்தியும் தான் போட்ட பகுதிக்குக் கீழே தன் பெயரைத் தைத்திருப்பது. அசலைத் தைத்தவர்கள் யாரென்று யாருக்கும் தெரியாது.

எங்கள் திரையின் முன்பக்கம் பெயர் கூடாதாம், பின்பக்கம் ஒரே ஒரு எழுத்து போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். நான் சங்கிலித் தையலில் 'வ' போடப் போகிறேன். கைக்குட்டைக் கடன். அந்த வளைவில்தான் நூல் சுருண்டு சுருண்டு நிற்கிறது, இதுவரை மூன்று முறை பிரித்தாயிற்று.

அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? எழுது.

அன்புடன்,
கீதா