நேரத்தை யார் பார்த்துக்கொள்வது?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். தேர்வு நெருங்கினால் என் அறைக்கு வருகிற பெற்றோரில் பலர் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: "சொன்னால்தான் படிக்கிறான், பக்கத்தில் உட்கார்ந்தால்தான் புத்தகத்தைத் திறக்கிறாள்." அப்புறம் ஒரு கால அட்டவணை போட்டுத் தரச் சொல்லிக் கேட்பார்கள். போட்டுத் தருவது பெரிய வேலையே இல்லை. ஆனால் அது நான் போட்ட அட்டவணை, பிள்ளைக்கு அதில் என்ன பொறுப்பு? அடுத்த வாரமே அது சுவரில் சும்மா தொங்கும். காலையில் எழுப்புவது, குளிக்கச் சொல்வது, வீட்டுப்பாடத்தை நினைவுபடுத்துவது, பையைச் சரிபார்ப்பது எல்லாவற்றையும் நீங்களே செய்துகொண்டிருந்தால் நேரத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவையே பிள்ளைக்கு வராது. அதற்குத்தான் நீங்கள் இருக்கிறீர்களே!

அதனால் இந்தப் பருவத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு சின்ன மாற்றம் செய்கிறோம். வீட்டுப்பாட நாட்குறிப்பில் இரண்டு கட்டங்கள் கூடுதலாக இருக்கும். ஒரு வேலையைத் தொடங்கும் முன் அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று மாணவரே முதல் கட்டத்தில் எழுத வேண்டும், முடித்ததும் உண்மையில் எவ்வளவு ஆனது என்று இரண்டாவதில். இதற்கு மதிப்பெண் கிடையாது, தவறாகக் கணித்தால் யாரும் திட்டப் போவதுமில்லை.

எதற்கு இந்த வேலை என்று கேட்பீர்கள். தன் வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்துக் கணிப்பது மனித சுபாவம். டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இலேயே இதைப் பற்றி எழுதினார்கள். 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் சுவாரசியமானது. பட்டப்படிப்பின் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். சரி, எல்லாமே சொதப்பினால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்குச் சுமார் 49 நாள் என்றார்கள். கடைசியில் ஆனது 55 நாளுக்கும் மேல்! பட்டப்படிப்பு மாணவர்கள் கதையே இது என்றால், பதினொரு வயதுப் பிள்ளை "அஞ்சு நிமிஷத்தில் முடித்துவிடுவேன்" என்று சொல்வதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது உண்மையிலேயே அப்படித்தான் நினைக்கிறது. போன தடவை எவ்வளவு ஆனது என்பதை நாம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்ற நினைப்பில் ஒரு கணக்குப் போடுகிறோம். திரும்பிப் பார்க்க வைக்கத்தான் அந்த இரண்டாவது கட்டம்.

இன்னொன்று, "சாயங்காலம் படிப்பேன்" என்பதைத் திட்டமாக ஏற்காதீர்கள். "விளையாடிவிட்டு வந்து உடை மாற்றியதும் மேசையில் உட்கார்ந்து கணக்கு நோட்டை எடுப்பேன்" என்று எப்போது, எங்கே, எது என்பதைச் சேர்த்துச் சொன்னால் நடப்பதற்கு வாய்ப்பு அதிகம். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல வருடங்கள் ஆராய்ந்து சொன்ன விஷயம் இது, பெரியவர்களுக்கும் பொருந்தும்.

முழுதாக விட்டுவிடச் சொல்கிறேனா என்றால் இல்லை. ஒரே ஒரு கடைசித் தேதியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டால் பெரும்பாலான வேலை முந்தின நாள் இரவுக்குத்தான் போகும். அதனால் பெரிய செயல்திட்டங்களுக்கு இனி மாணவர்களே இடையில் மூன்று தேதிகள் குறிப்பார்கள், அந்தத் தேதிகளில் ஆசிரியர் கட்டாயம் கேட்பார். தேதி அவர்களுடையது, கேட்பது எங்கள் வேலை.

உங்கள் வேலை என்னவென்றால், கொஞ்சம் சும்மா இருப்பது. இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மாலையில் ஒரே ஒரு தடவை "இன்றைக்கு என்ன திட்டம்?" என்று கேளுங்கள், பதிலைக் காது கொடுத்துக் கேளுங்கள், பிறகு விட்டுவிடுங்கள். நோட்டை மறந்து வந்தால் எடுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடி வர வேண்டாம். முதல் சில வாரங்களில் வீட்டுப்பாடம் விடுபடும், மதிப்பெண் கொஞ்சம் இறங்கக்கூடும், நீங்கள் எங்கள் மேல் கோபப்படுவீர்கள். பரவாயில்லை. ஏழாம் வகுப்பில் ஒரு வீட்டுப்பாடம் போனால் போகட்டும், இதையெல்லாம் கல்லூரியில் போய்க் கற்றுக்கொள்வதற்கு விலை அதிகம்.

பள்ளி முடிந்ததிலிருந்து தூங்கும்வரை ஒவ்வொரு மணிக்கும் ஒரு வகுப்பு என்று நிரப்பி வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. அந்தப் பிள்ளை எந்த நேரத்தைத் தானே நிர்வகிக்கும்? தினமும் கொஞ்ச நேரமாவது என்ன செய்வதென்று அவர்களே தீர்மானிக்கட்டும், "போர் அடிக்குது" என்று சொன்னால் உடனே மொபைலைக் கையில் கொடுக்காதீர்கள். தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், அதற்கு மேல் 18 வரை 8 முதல் 10 மணி நேரம் தேவை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள், தேர்வுக் காலத்திலும் அதேதான்.

கவனக்குறைபாடு போன்ற சிரமங்கள் உள்ள பிள்ளைகளுக்கு இது அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு நினைவூட்டல் தேவை, அதை நிறுத்த வேண்டாம். அந்தப் பெற்றோர் என்னை வந்து பாருங்கள், தனியாகப் பேசி வேறு மாதிரி செய்வோம்.

புதிய நாட்குறிப்பு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும். கடைசிப் பக்கத்தில் மட்டும் நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும். கட்டங்களைத் தயவுசெய்து நீங்கள் நிரப்பிக் கொடுக்காதீர்கள், உங்கள் கையெழுத்து எங்கள் ஆசிரியர்களுக்கு நன்றாகவே தெரியும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்