வண்டிச் சோதனையில் நின்றுபோகும் நீலத் தொப்பி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மே 29 வந்துவிட்டால், ஐ.நா. அமைதிப்படை நாளையொட்டி நீலத் தொப்பி அணிந்த பெண்களின் படங்கள் பத்திரிகைகளில் வருகின்றன. கூடவே, பெண்களின் தலைமைப் பண்பை வளர்க்க எங்கோ ஒரு பயிற்சி முடிந்தது, இத்தனை பேர் சான்றிதழ் வாங்கினார்கள் என்று ஒரு செய்தியும் வரும். அந்தப் பயிற்சிகளில் எது ஒரு பெண்ணைப் பணியிடம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது, எது சான்றிதழோடு நின்றுவிடுகிறது என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை.

முதலில் கணக்கு. அமைதிப்படையில் சீருடை அணிந்தவர்களில் பெண்களின் பங்கு 1993இல் 1 சதவீதம். பெண்கள், அமைதி, பாதுகாப்பு குறித்த 1325ஆம் தீர்மானத்தைப் பாதுகாப்பு மன்றம் 2000 அக்டோபரில் நிறைவேற்றியது. இருபது ஆண்டு கழித்து, 2020இல், ஏறத்தாழ 95,000 பேர் கொண்ட அமைதிப்படையில் ராணுவப் பிரிவுகளில் பெண்கள் 4.8 சதவீதம், கூட்டாகச் செல்லும் காவல் அணிகளில் 10.9 சதவீதம். ஆனால் அதே 2020 தொடக்கத்தில், ஐ.நா.வின் முழுநேர உயர்பதவிகளில் 90 பெண்கள், 90 ஆண்கள் என்று சரிபாதி வந்துவிட்டது. மேல்மாடியில் முடிந்தது கீழே ஏன் முடியவில்லை? மேலே நியமன ஆணையில் கையெழுத்திடுபவர் பொதுச்செயலாளர். அப்பதவியில் இருந்த குட்டெரெஸ் 2017இல் சமநிலைத் திட்டம் ஒன்றை அறிவித்தார், தேர்வு முறையை மாற்றினார், எண்ணிக்கை மாறியது. சீருடைக்காரர்களை ஐ.நா. வேலைக்கு எடுப்பதில்லை. உறுப்பு நாடுகள்தான் ஆள் அனுப்புகின்றன. ஆகவே நியூயார்க்கில் எத்தனை பயிற்சி நடத்தினாலும், டெல்லியிலோ டாக்காவிலோ கானாவின் அக்ராவிலோ பெயர்ப்பட்டியல் தயாரிக்கிற மேசையில் மாற்றம் வராதவரை பலன் குறைவுதான்.

2009இல் ஐ.நா. காவல் பிரிவு, 2014க்குள் 20 சதவீதம் பெண்கள் என்று இலக்கு வைத்தது. எட்டவில்லை. 2018இல் வந்த திட்டம் 2028க்கான இலக்கைப் பிரித்துச் சொல்கிறது: ராணுவ அணிகளில் 15, ராணுவப் பார்வையாளர்கள் மற்றும் தலைமையக அதிகாரிகளில் 25, கூட்டுக் காவல் அணிகளில் 20, தனித்தனியாகச் செல்லும் காவல் அதிகாரிகளில் 30 சதவீதம்.

இந்தக் கடைசி வகையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். தனியாகச் செல்லும் காவல் அதிகாரி ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு மொழித் தேர்விலும், வண்டி ஓட்டும் சோதனையிலும், ஆயுதம் ஏந்தும் பணி என்றால் சுடும் சோதனையிலும் தேற வேண்டும். பல நாடுகளில் பெண்கள் விழுவது வண்டிச் சோதனையில். அதற்கும் தலைமைப் பண்புக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். காவல் வாகனத்துக்கென்று டிரைவர் இருக்கிறார். அவர் பெரும்பாலும் ஆண். பெண் எஸ்.ஐ. பத்து வருடம் முன்சீட்டில் உட்கார்ந்து ரோந்து போயிருப்பார், ஸ்டியரிங்கைத் தொட்டிருக்க மாட்டார். உரிமம் இருக்கும், அது சிறிய காரில் வாங்கியது. சோதனையிலோ கையால் கியர் மாற்றும், நான்கு சக்கரமும் இழுக்கும் கனமான வண்டி. அதை நெருக்கமான இடத்தில் பின்னோக்கி எடுத்து நிறுத்த வேண்டும், சாலையிலும் ஓட்டிக் காட்ட வேண்டும்.

எங்கே தவறுகிறது என்பதும் தெரிந்ததுதான். உயரம் குறைந்தவர்களுக்கு கிளட்ச் முழுதாக அமுங்குவதில்லை. அரைகுறையாக மிதித்து கியர் போட்டால் வண்டி உறுமி நிற்கும். உடனே முதுகுக்கு ஒரு தலையணை வைப்பார்கள்; பிரேக் போடும்போது அது சரிந்துவிடும். இருக்கையை முன்னே இழுத்து, கிளட்சை அடிவரை மிதித்த பிறகும் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி அமைத்து, அதன் பிறகே முதுகுச் சாய்வைச் சரிசெய்ய வேண்டும். மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது ஹேண்ட்பிரேக்கை முந்தி விடுவித்தால் வண்டி பின்னால் உருளும். எஞ்சின் இழுப்பது காலில் தெரிந்த பிறகே விடுவிக்க வேண்டும். ரிவர்ஸில் ஒரே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருப்பவர், மறுபக்கக் கம்பத்தை இடிப்பார்.

இதற்குத் தேவை ஆறு வாரம், நாளுக்கு ஒரு மணி நேரம், மொத்தம் 30 மணி. முதல் பத்து மணி மைதானத்தில் ரிவர்ஸும் மேடும் மட்டும். அடுத்த பதினைந்து சாலையில். மீதி ஐந்தும் சேற்றிலும் இருட்டிலும். இன்னொன்று: தென் சூடான், காங்கோ போன்ற இடங்களில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும், ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். பணியிடம் போனதும் அங்கும் ஓட்டிக் காட்டினால்தான் உரிமம். இடக்கையால் கியர் போடும் பழக்கத்தை ஊரிலேயே மாற்றிக்கொள்ள வேண்டும்.

மொழித் தேர்வில் வாசிப்பு பெரிய சிக்கல் அல்ல. காதால் கேட்டதை எழுதுவதில்தான் மதிப்பெண் போகிறது. வயர்லெஸ் உரையாடல் ஒன்றைக் கேட்டு, யார், எங்கே, எப்போது, என்ன, என்ன நடவடிக்கை என்று நாளுக்கு ஓர் அறிக்கை எழுதிப் பழகினால் ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும். சுடுவதில் குறை கையில் இல்லை. பழக்கத்துக்குக் கிடைக்கும் தோட்டாக்களின் எண்ணிக்கையில்தான்.

சோதனைக்கு முன் பெண் காவலர்களுக்கு மட்டும் ஆயத்தப் பயிற்சி நடத்தும் முறையை ஐ.நா. காவல் பிரிவே ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் செய்து பார்த்தது. எங்கள் கணிப்பில், 'பெண் தலைமை' என்று பெயரிட்ட பல கருத்தரங்குகளைவிட இது பலனளிக்கும் செலவு.

இந்தியா இதில் முன்னோடிதான். 2007இல் லைபீரியாவுக்குப் போன மத்திய ரிசர்வ் போலீஸ் படைப் பெண்கள், ஐ.நா. வரலாற்றில் முதல் முழுப் பெண் காவல் அணி. 2016 வரை அணிகள் மாறி மாறி அங்கே பணியாற்றின. அந்த ஆண்டுகளில் லைபீரியப் பாதுகாப்புத் துறையில் பெண்களின் பங்கு 6 சதவீதத்திலிருந்து 17 ஆனதாக ஐ.நா. சொன்னது. (அந்த 'முழுப் பெண்' அணியிலும் டிரைவர், சமையல் வேலைகளுக்கு ஆண்கள் உடன் போயிருந்தார்கள். காவல் வேலை எல்லாம் பெண்கள் செய்ய, ஸ்டியரிங் ஆண்கள் கையில்!)

டெல்லியிலுள்ள ஐ.நா. அமைதிகாப்புப் பயிற்சி மையத்தில் பெண் ராணுவ அதிகாரிகளுக்கான இரண்டு வாரப் பயிற்சி 2015இல் தொடங்கியது. பல நாடுகளிலிருந்து வருகிறார்கள். பாடத்திட்டத்தில் குறை சொல்ல அதிகமில்லை. ஓட்டை வேறிடத்தில். படித்து முடித்தவர் பழைய பணிக்கே திரும்புகிறார். பணி ஆணை வரும்போது அவர் பதவி உயர்ந்து, கேட்கும் தகுதிநிலையைத் தாண்டியிருப்பார், அல்லது வீட்டில் கைக்குழந்தை இருக்கும். பயிற்சிக்குப் பெயர் அனுப்பும்போதே, இன்ன காலத்துக்குள் பணியிடம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். சிறு பிள்ளைகள் உள்ள பெண் அதிகாரிகளுக்கு ஓராண்டுப் பணியை ஆறு மாதமாகச் சுருக்கும் ஏற்பாட்டையும் அவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பெண்களைப் பயிற்றுவது பாதி வேலை. முகாமுக்குப் போன பெண்ணை 'பாதுகாப்பு கருதி' ரோந்துக்கு அனுப்பாமல் உள்ளேயே வைக்கும் தளபதிக்கு யார் பாடம் எடுப்பது? ஆண் தளபதிகளுக்குப் பாலினச் சமத்துவம் என்பது புறப்படும் முன் ஒரு மணி நேர ஸ்லைடு காட்சியாக முடிந்துவிடுகிறது. அதற்குப் பதில் அவர்கள் கையில் ஒரு பட்டியலைக் கொடுக்கலாம். கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, இரவில் போகும் வழியில் விளக்கு எரிகிறதா, நாப்கினை அப்புறப்படுத்த ஏற்பாடு உண்டா, குண்டு துளைக்காத உடையில் சிறிய அளவு வந்திருக்கிறதா, வாரத்தில் எத்தனை ரோந்துகளில் பெண்கள் போனார்கள். தோளில் தொங்கும் கவசம் விலாவைக் காக்காது. அதை மாட்டிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் சரியாகப் பதிக்கவும் முடியாது. பாதுகாப்புத் துறை நிர்வாகத்தை ஆராயும், ஜெனீவாவிலுள்ள டிகாஃப் நிறுவனம் கார்னெல் பல்கலைக்கழகத்தோடு உருவாக்கிய மதிப்பீட்டு முறை, இப்படிப்பட்ட தடைகளைப் பத்துத் தலைப்புகளில் அளக்கிறது. கட்டமைப்பு, வீட்டுப் பொறுப்பு, தேர்வு முறை எல்லாம் அதில் அடக்கம். அமைதிப்படையில் பெண்களைக் கூட்டுவதற்காகக் கனடா முன்னெடுத்த எல்சி திட்டத்தின் நிதியைக் கேட்கவும் அது வழிசெய்கிறது. கேட்கும் நாட்டுக்குத்தான் கிடைக்கும்.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடி இடம் உண்டு. காவல் அதிகாரிகளின் பெயர்களை மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களிடமும் கேட்கிறது. 1973 முதல் பெண்களைக் காவல் பணியில் சேர்த்துவரும் மாநிலம் இது. ஊனமாஞ்சேரி காவல் உயர் பயிற்சியகத்தில் மேலே சொன்ன ஆறு வாரப் பயிற்சியை ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தலாம். இரண்டு கனரக ஜீப், ஒரு மைதானம், ஒரு மொழி ஆசிரியர் போதும். பெயர் கேட்டு வரும் சுற்றறிக்கையை மாவட்ட அலுவலகத்திலேயே நிறுத்திவிடாமல், அனைத்து மகளிர் காவல் நிலையங்களின் அறிவிப்புப் பலகை வரை கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்னதாகச் சேர்ப்பிக்கும்படி காவல்துறைத் தலைமையகத்தை உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காவல் பயிற்றுநர்கள் இருவர்,
திருச்சி.