வாஷரில் தண்ணீர் ஊற்றாதே

அன்புள்ள கண்ணு,

விடியற்காலையில் நீயே கார் எடுத்துக்கொண்டு போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். எத்தனை நாளாக என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கார் முன்கண்ணாடியைத் துடைக்கப் பீய்ச்சும் வாஷர் திரவத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கேனில் போட்டிருக்கும் டிகிரியைப் பார்த்து வாங்கு. அங்கே இறங்குகிற குளிரைவிட இன்னும் பத்து டிகிரி கீழே தாங்க வேண்டும். செல்சியஸா, பாரன்ஹீட்டா என்றும் பார். மைனஸ் 40 இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் மைனஸ் 20 பாரன்ஹீட் என்பது செல்சியஸில் மைனஸ் 29. அதையும் முழுசாக நம்பாதே. ஓடுகிற வண்டியில் கண்ணாடி மேல் பட்டதுமே வாஷரில் உறையாமலிருக்கக் கலந்திருக்கும் ஆல்கஹால் முதலில் ஆவியாகிவிடும், மிஞ்சின தண்ணீர் உறைந்து ஒரே வெள்ளையாகிவிடும், ரோடே தெரியாது. ஹீட்டரில் கண்ணாடி சூடேறின பிறகு பீய்ச்சு. வெயில் காலத்து மிச்சம் டேங்கில் கிடந்தால் தீர்த்துவிட்டுப் புதுசை ஊற்று. ஊற்றினதும் நாலைந்து தடவை பீய்ச்சிவிடு, குழாயில் நிற்பதும் மாற வேண்டும். இன்ஜினுக்கு ஊற்றும் கூலன்ட் வேண்டாம், கண்ணாடியில் எண்ணெய் மாதிரி இழுக்கும். வாஷரில் கலக்கும் ஆல்கஹால் மெத்தனாலாக இருந்தால் விஷம், சின்னவன் கைக்கு எட்டாமல் வை. தண்ணீர் மட்டும் ஊற்றாதே.

முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினவள், உனக்குத் தெரியாததா! அப்பாவுக்குப் போன் போடத்தான் மூன்று வாரமாக நேரமில்லை. சரி, விடு. தண்ணீர் ஊற்றாதே.

நாங்கள் வந்திருந்தபோது டேங்க் வெடித்து, பம்ப்பும் போனதே. வண்டியைக் கவனிக்கத் துப்பில்லை என்று மாப்பிள்ளையை என் எதிரிலேயே பேசினாயே. தண்ணீர் ஊற்றினது நான்தான். வாஷர் தீர்ந்திருந்தது, உதவியாக இருக்கட்டுமே என்று பாத்ரூம் மக்கில் பிடித்து இரண்டு தடவை ஊற்றினேன். ராத்திரியில் உறைந்துவிட்டது. நீ கத்தினபோது நான் பேப்பரை மடித்துக்கொண்டே இருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கார் பக்கத்தில் நான் மறந்து வைத்த மக்கை எடுத்து வந்து, என்னைத் தாண்டிப் போய், பாத்ரூமில் வைத்துவிட்டு வந்தார். அவருக்குத் தெரியும், கண்ணு.

இதை மாப்பிள்ளையிடம் நானே சொல்ல வேண்டும். நேற்று இரண்டு தடவை அடித்தேன், எடுக்கவில்லை. எப்போது அடித்தால் கிடைப்பார், எந்த நம்பரில் என்று எழுது. கேனில் டிகிரி என்ன போட்டிருக்கிறது என்றும் எழுது.

அப்பா