சாக்கு அடைத்த சன்னல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2020, 2021இல் கோவிட் தொற்றுக்காக மலேசியாவில் போட்ட நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தை நினைவுகூர்ந்து சென்ற ஞாயிறு தங்கள் ஏட்டில் வந்த வாசகர் கடிதத்தைப் படித்தேன். கடையடைப்பு நாள்களில் கள்ளத்தனமாகக் கடை திறந்தவர்களை, ஊரார் உயிரை விற்றுப் பிழைத்தவர்கள் என்று அந்தச் சகோதரி எழுதியிருந்தார். அவர் தம் தாயாரை அந்தக் காலத்தில் பறிகொடுத்தவர். அவருடைய கோபத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்லாமல் இருந்தால் அவருக்கும் நல்லது செய்தவனாக மாட்டேன்.

நான் தோட்ட மருத்துவமனைகளில் முப்பத்தொரு ஆண்டுகள் டிரஸ்ஸராக, அதாவது காயத்துக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சுங்கை சிப்புட்டில் குடியிருக்கிறேன். வேலையை விட்டு நாளாகியும், காய்ச்சல் என்றால் முதலில் என் வீட்டுக் கதவைத் தட்டுகிற பழக்கம் எங்கள் பக்கத்து மக்களுக்கு இன்னும் போகவில்லை. அதனால் அந்த இரண்டு ஆண்டுகளில் யார் வீட்டில் என்ன நடந்தது என்பது எனக்கு ஓரளவு தெரியும்.

எங்கள் ஊரில் முடிதிருத்தும் தொழில் செய்யும் ஒரு தம்பி இருக்கிறார். அவருக்குச் சொந்தக் கடை இல்லை. மூன்று நாற்காலி உள்ள கடையில் இரண்டாவது நாற்காலி அவருடையது. ஒரு தலைக்கு 12 வெள்ளி (ரிங்கிட்). அதில் பாதி முதலாளிக்கு, பாதி அவருக்கு. சம்பளச் சீட்டு கிடையாது, சேமநிதி கிடையாது. 2020 மார்ச் 18ஆம் நாள் கடைக்கதவு இறங்கியபோது அவருடைய வருமானம் அன்றைக்கே நின்றது.

அந்த ஆண்டு ஏப்ரலில் முடிதிருத்தும் கடைகளைத் திறக்கலாம் என்று அரசாங்கம் அறிவித்ததும், சில நாள்களில் அதைத் திரும்பப் பெற்றதும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். வேண்டாம், இது ஆபத்து என்று அப்போது சொன்னவர்களில் முடிதிருத்துவோர் சங்கங்களும் இருந்தன. வருமானம் இல்லாமல் கிடந்த தொழிலாளிகளின் சங்கங்கள் அவை. அவர்களைச் சுயநலக்காரர்கள் என்று மொத்தமாகச் சொல்லும்போது என் நெஞ்சு பொறுப்பதில்லை. ஜூன் 10ஆம் நாள் முறைப்படி அனுமதி கிடைக்கும் வரை அந்தத் தம்பியும் கத்தரியைத் தொடவில்லை. அரசாங்கம் கொடுத்த பந்துவான் பிரிஹாத்தின் உதவித்தொகையில் அரிசியும் வாடகையும் ஓடின. சிறுதொழில் செய்வோருக்கு 3,000 வெள்ளி சிறப்பு மானியம் அறிவித்தார்களே, அது தொழில் பதிவு உள்ளவர்களுக்கு. நாற்காலியில் நின்று கூலிக்கு வெட்டுகிறவருக்கு ஏது பதிவு?

அடுத்த ஆண்டுதான் எல்லாம் முறிந்தது. 2021 ஜூன் 1ஆம் நாள் முழு முடக்கம் வந்தது. கையிலிருந்தது தீர்ந்திருந்தது, கடனும் ஏறியிருந்தது. அந்த மாதக் கடைசியில் உதவி வேண்டுவோர் வீட்டு வாசலில் வெள்ளைக்கொடி கட்டினார்கள். எங்கள் பக்கத்திலும் சிலர் கட்டினார்கள். அந்தத் தம்பி கட்டவில்லை. ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் முதல் மொட்டை அடித்த கை, ஐயா, கொடி கட்ட வரவில்லை என்று என்னிடம் சொன்னார்.

அவர் முதலில் நாற்காலி போட்ட இடம் செம்பனைத் தோட்டத்து ஓரம். திறந்த வெளி, நல்ல காற்று. ஒரு நேரத்தில் ஒருவர்தான். அவருக்கும் முகக்கவரி, வந்தவருக்கும் முகக்கவரி. துண்டை வீட்டிலிருந்து கொண்டு வரச் சொல்வார். சட்டப்படி அது குற்றம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நோய் பரவும் வழியை அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், முடி வெட்டியே ஆகவேண்டும் என்றால் அதைவிடப் பாதுகாப்பான இடம் எங்கள் ஊரில் இல்லை.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ சுற்றுக்காவல் வண்டி அந்த மண் சாலையில் திரும்பியது. யாரும் பிடிபடவில்லை. ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. அந்த ஆண்டு மார்ச் 11 முதல் தண்டம் தனிநபருக்கு 10,000 வெள்ளி வரையும் நிறுவனத்துக்கு 50,000 வரையும் உயர்ந்திருந்தது. கிளந்தானில் பர்கர் விற்ற ஒருவருக்கு 10,000 வெள்ளி விதித்த செய்தியை எங்கள் ஊரில் அறியாதவர் இல்லை. ஒரு தலைக்கு ஆறு வெள்ளி கையில் நிற்கிற மனிதர் பத்தாயிரத்தை எப்போது கட்டி முடிப்பது?

நாற்காலி ஒரு வீட்டின் பின்புறச் சாமான் அறைக்குள் போனது. அந்த அறைக்கு ஒரே ஒரு சன்னல். விளக்கு வெளிச்சம் சந்தில் தெரியக்கூடாது என்று அதில் உரச்சாக்கை அடைத்தார்கள். மின்விசிறி ஓசை கேட்கும் என்று அதையும் போடுவதில்லை. இரவு எட்டரைக்கு மேல், அலைபேசியில் ஒரு மணி அடித்து வைத்துவிட்டுச் சமையலறை வழியாக உள்ளே போகவேண்டும். வெளியே காத்து நின்றால் தெரிந்துவிடும் என்பதால் நான்கைந்து பேர் அந்த அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒருமுறை வாசல் வரை போய் எட்டிப் பார்த்தேன். வியர்வையும் பவுடரும் கலந்த அந்தப் புழுக்கம் முகத்தில் அடித்தது. இதற்குள் நோய் வந்தால் ஒருவரும் தப்பமாட்டார்கள் என்று எனக்கு அப்போதே தெரியும்.

அங்கே வந்தவர்கள் எல்லாரும் அலங்காரத்துக்கு வந்தவர்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரு நாள் இரவு அண்ணன் தம்பி மூவர் வந்தார்கள். தந்தை ஈப்போ மருத்துவமனையில் தொற்றால் இறந்தவர். உடலை வீட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை, முகம்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் பதினாறாம் நாள் காரியம். மொட்டையாவது முறையாக அடிக்க வேண்டும் என்று மூத்தவர் கையெடுத்துக் கும்பிட்டாராம். முடிதிருத்தும் தம்பி அந்த மூவருக்கும் அடித்து முடித்து, காசு வாங்காமல் அனுப்பினார். அன்று அவர் கதவைத் திறந்தது தப்பு என்று சொல்ல என்னால் முடியவில்லை.

ஜூலையில், வந்து போனவர்களில் ஒரு லாரி ஓட்டுநருக்குத் தொற்று உறுதியானது. சுகாதார அதிகாரி தொலைபேசியில் அழைத்து, கடந்த நாள்களில் எங்கெல்லாம் போனீர்கள் என்று பொறுமையாகத்தான் கேட்டிருக்கிறார். வீடு, வேலை, வேறெங்கும் இல்லை என்று பதில் சொன்னார் ஓட்டுநர். உண்மையைச் சொல்லியிருந்தால் அவருக்குத் தண்டம், தம்பிக்குத் தண்டம், அறையில் இருந்த நால்வருக்கும் தண்டம். ஒரு வாரம் கழித்து அந்த நால்வரில் ஒரு பையனின் வீட்டில் மூவருக்குக் காய்ச்சல். பையனின் பாட்டி பிழைக்கவில்லை. அந்த அறையிலிருந்துதான் அது போனது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். நாட்டில் ஒரு நாளைக்கு இருபதாயிரம் பேருக்கு மேல் தொற்று கண்ட ஆகஸ்டு மாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த நேரம், எங்கிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் அந்தப் பையனை முன்கூட்டியே ஒதுங்கியிருக்கச் சொல்ல ஒருவரும் இல்லை. அறை இருந்தது எனக்குத் தெரியும். நானும் சொல்லவில்லை. அந்தக் குற்றம் இன்றைக்கும் என்னை அரிக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூத்த டிரஸ்ஸர் ஒருவர் பழைய கதை ஒன்றைச் சொல்வார். தொழுநோய் வந்தவர்களைச் சட்டப்படி சுங்கை பூலோவுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயத்தில், தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளில் தேமல் கண்ட பிள்ளைகளை அம்மாக்கள் பின்னறையில் ஒளித்து வைப்பார்களாம். டிரஸ்ஸர் வருகிறார் என்றால் போர்வையைப் போட்டு மூடிவிடுவார்களாம். நோயாளியைத் தண்டிப்பது போல நடந்தால் நோய் போர்வைக்குள் போய்விடும் என்று அவர் எனக்குக் கற்றுக் கொடுத்தார். அதே போர்வையைத்தான் 2021இல் உரச்சாக்காகப் பார்த்தேன்.

தண்டமே கூடாது என்று நான் வாதாடவில்லை. 2020இல் கெடா, நாப்போவில், வெளிநாட்டிலிருந்து திரும்பி வீட்டில் தனித்திருக்க வேண்டியவர் தம் உணவுக்கடைக்குப் போனார். அதிலிருந்து கிளம்பி, சிவகங்கை என்று பெயரிடப்பட்ட தொற்றுத் திரளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். அவருக்கு ஐந்து மாதச் சிறையும் 12,000 வெள்ளி அபராதமும் கிடைத்தபோது நான் வருந்தவில்லை. முடக்கக் காலத்தில் கள்ளச் சாராயம் விற்றவர்களுக்கும் சூதாட்டக் கூடம் நடத்தியவர்களுக்கும் என் அனுதாபம் கிடையாது.

நான் கேட்பது இதுதான். அடுத்த தொற்று எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்போது, எங்கே போனேன் என்று உண்மையைச் சொல்கிற நோயாளிக்கும், யார் யார் வந்தார்கள் என்று பட்டியல் கொடுக்கிற தொழிலாளிக்கும் அதற்காகத் தண்டம் இல்லை என்று சட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும். வாய்மொழி உறுதி போதாது. எங்கள் மக்கள் அதை நம்பமாட்டார்கள். கூலிக்கு நாற்காலியில் நிற்பவர், வீட்டில் தைப்பவர், வாசலில் இட்லி சுட்டு விற்பவர் ஆகியோரை இப்போதே தொழில் பதிவில் சேர்க்க வேண்டும். அவர்கள் பெயர் ஏட்டில் இருந்தால்தான் உதவி அவர்கள் வீட்டைத் தேடி வரும்.

இதை மலாயில் எழுதி நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கும் சுகாதார அமைச்சுக்கும் அனுப்பியிருக்கிறேன். ஒரு கிழவனின் கடிதத்தை ஓரமாக வைத்துவிடலாம், ஐம்பது கடிதங்களை வைக்க முடியாது. கோயில் நிர்வாகங்களும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஆளுக்கொன்று அனுப்பினால் நல்லது. எங்கள் ஊரில் மலாயில் எழுதத் தயங்குகிறவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் என் வீட்டுக்கு வரலாம், நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தோட்ட டிரஸ்ஸர்,
சுங்கை சிப்புட், பேராக்.