கொல்லிமலை நண்பருக்கு: ரேடியேட்டர் பற்றியும் டீசல் லைன் பற்றியும்

நாமக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. இந்த ஆண்டு மிளகு நன்றாகக் காய்த்திருப்பதும், பேத்தி பள்ளியில் சேர்ந்துவிட்டதும் மகிழ்ச்சியான செய்திகள். ஆனால் கடிதத்தின் பெரும்பகுதி உங்கள் பழைய டாடா 207 சரக்கு வண்டி பற்றிய கவலையாகவே இருந்தது. காரவள்ளியிலிருந்து சிமெண்டும் உரமும் ஏற்றிக்கொண்டு மலையேறும்போது பாதி வழியிலேயே ஹீட் முள் சிவப்பைத் தொடுகிறது, விடியற்காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகிறது, இன்ஜின் வேலை செய்தாக வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார், விற்றுவிடலாம் என்று மகன் சொல்கிறார் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். இன்ஜினைப் பிரிக்கவும் வேண்டாம், வண்டியை விற்கவும் வேண்டாம் என்பதே என் கருத்து. ஆயில் குறையவில்லை, நீலப் புகை வரவில்லை, இழுவை குறையவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட இன்ஜினில் குறை உள்ளே இருப்பது அரிது. தண்ணீர்ப் பக்கம் அழுத்தம் வெளியே போகக் கூடாது, டீசல் பக்கம் காற்று உள்ளே வரக் கூடாது. இந்த இரண்டையும் காப்பவை மூடி, ஹோஸ், வாஷர் போன்ற சின்னச் சின்ன சாமான்கள்தாம். உங்கள் வண்டியில் அவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியிலிருந்து தொடங்குங்கள். அதன் மேல் 0.9 என்றோ 13 என்றோ ஓர் எண் பொறித்திருக்கும்; முன்னது பார் கணக்கு, பின்னது பி.எஸ்.ஐ. கணக்கு, இரண்டும் ஏறத்தாழ ஒரே அழுத்தம்தான். அந்த அழுத்தம் வெளியேறாமல் உள்ளேயே நின்றால் சமவெளியில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் இறுகிப்போய் அழுத்தம் நிற்காவிட்டால் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும். உங்கள் மலையோ ஆயிரம் மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கே 96, 97 டிகிரியே போதும். லோடு ஏற்றி ஏறும் இன்ஜினில் தண்ணீர் 90 டிகிரியைத் தாண்டுவது இயல்பு. ஆகவே, மூடி கெட்டுவிட்டால் இயல்பான சூட்டுக்கும் கொதிநிலைக்கும் இடையில் இடைவெளியே இல்லாமல் போகிறது. அதே மூடியின் நடுவில் எதிர்ப்பக்கம் திறக்கும் சிறிய வால்வு ஒன்றும் உண்டு. இன்ஜின் ஆறும்போது பக்கத்து டப்பாவில் உள்ள கூலன்ட் என்னும் குளிர்விக்கும் திரவத்தைத் திரும்ப உள்ளே இழுக்க வழிவிடுவது அதுதான். காலையில் பானெட்டைத் திறந்ததும் மேல் ஹோஸ் தட்டையாக ஒட்டிப்போயிருந்தால், அந்த வால்வு அடைத்துக்கொண்டது என்று பொருள். சூடாக இருக்கும்போது மட்டும் மூடியில் கை வைக்காதீர்கள். அவசரத்தில் திறந்து முகம் வெந்துபோன ஓட்டுநர்களை நாம் இருவரும் பார்த்திருக்கிறோம்.

அடுத்து ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய கூண்டைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் போகும் வண்டிக்கு எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். 70 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரும் இரண்டாம் கியருமாக ஊர்ந்து ஏறும் வண்டிக்கு ஃபேன் இழுக்கும் காற்றைத் தவிர வேறு காற்றில்லை. அந்தக் கூண்டு இல்லையென்றால் ஃபேன் தன் நேர் எதிரே உள்ள வட்டத்தில் மட்டும் காற்றை இழுக்கும். ரேடியேட்டரின் நான்கு மூலைகளும் சும்மா கிடக்கும். பழைய வண்டிகளில் பெல்ட் மாற்றுவதற்காகக் கழற்றிய கூண்டு மறுபடி ஏறாமலே போய்விடுவது வழக்கம். உங்களுடையது இருக்கிறதா என்று எழுதுங்கள்; இல்லையென்றால் இங்கே நாமக்கல் பழைய சாமான் கடைகளில் தேடித் தருகிறேன்.

சூட்டைப் பொறுத்துத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டதாக மெக்கானிக் சொன்னாராம். இந்தப் பழக்கம் எனக்குச் சற்றும் பிடிக்காது. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும் அதே நேரத்தில் ரேடியேட்டரைத் தொடாமல் சுற்றிவரும் பைபாஸ் வழியை அடைக்கவும் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். ஏற்றத்தில் சூடு ஏறுவதற்கு அதுவே காரணமாகலாம். மலையில் பனி விழும் காலைகளிலோ இன்ஜின் சூடேற நெடுநேரமாகி, சரியாக எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும். புதியது வாங்கியதும் நூலில் கட்டி, பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதில் 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டை ஒட்டி வால்வு மெல்ல நகரத் தொடங்கும். இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறுவதற்குள் முழுதாகத் திறந்துவிட வேண்டும்.

போர் தண்ணீர் ஊற்றுவதை இன்றே நிறுத்துங்கள். சூட்டில் அதன் சுண்ணாம்பு, முதலில் இன்ஜினின் மிகச் சூடான இடங்களிலும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும்தான் படிகிறது. ரேடியேட்டரைக் கழற்றிக் கடையில் கொடுத்து, மேல் தொட்டியைத் திறந்து குழாய்களில் ராடு விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பிறகு பேட்டரிக்கு ஊற்றும் தூய நீரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி போதும். கூலன்ட் கொதிநிலையைச் சில டிகிரிகள்தான் உயர்த்தும். துருவைத் தடுப்பதுதான் நமக்கு அதனால் கிடைக்கும் பெரும் பயன். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதில் ஈரமோ காய்ந்த கறையோ தெரிந்தால் உள்ளே சீல் போய்விட்டது. அந்தத் துளையை எம்சீல் வைத்து அடைத்துவிடாதீர்கள், தண்ணீர் பேரிங்குக்குள் இறங்கிவிடும்.

இனி டீசல். காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, ஒருமுறை ஓடிவிட்டால் நாள் முழுவதும் தொல்லை இல்லை என்றால், இரவில் லைனில் இருந்த டீசல் டாங்குக்கே திரும்ப இறங்கிவிடுகிறது என்று கொள்ளலாம். டாங்கிலிருந்து, டீசலை இழுத்துத் தரும் சிறிய ஃபீட் பம்ப் வரை உள்ள லைன் உறிஞ்சும் பக்கம். அதற்குப் பின் உள்ளது தள்ளும் பக்கம். தள்ளும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் சொட்டிக் காட்டிக்கொடுக்கும். உறிஞ்சும் பக்கத்திலோ, விரிசல் விட்ட ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பதுபோல், காற்றுதான் உள்ளே வரும். வெளியே ஒரு துளிகூடச் சிந்தாது. அதனால்தான் பலர் அந்தக் குறையைக் காணாமல் நேராக, நாசில் என்னும் பீய்ச்சும் முனைகளுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பெரிய பம்பைக் கழற்றிவிடுகிறார்கள். ஃபில்டரிலிருந்து பெரிய பம்புக்குப் போகும் இடத்தில் ஒரு முழ நீளத்துக்கு டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் ஹோஸைத் தற்காலிகமாக மாட்டி ஓடவிடுங்கள். லைனில் தங்கிய காற்றை வெளியேற்றி முடித்த பிறகும் மணி மணியாகக் குமிழிகள் போய்க்கொண்டிருந்தால், டாங்கை நோக்கி ஒவ்வொரு இணைப்பாகப் பின்னே போய்ப் பாருங்கள்: ஹோஸ் கிளிப், பான்ஜோ போல்ட் என்னும், டீசல் ஊடே ஓடும் துளையுள்ள போல்ட்டின் இருபக்கச் செம்பு வாஷர், ஃபில்டர் கிண்ணத்து ரப்பர் வளையம், கைப்பம்பின் அடிப்பகுதி. செம்பு வாஷர் இறுக்க இறுக்கக் கெட்டியாகிவிடும். புதியது கிடைக்காத நேரத்தில் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மறுபடி மென்மையாகும். நாசில்களுக்கு மேலே ஓடும் ரிட்டர்ன் ஹோஸ்களும் விரல் பட்டால் உதிரும் நிலையில் இருக்கும், அவற்றையும் மாற்றிவிடுங்கள்.

டீசலும் மாறிவிட்டது. 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் டீசலில் கந்தகத்தை 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு) என்று குறைத்தார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் அது 10 ஆகிவிட்டது. காற்றுக்கு அது மிக நல்லது, நான் அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் பழைய டீசலில் ஊறிப் பருத்திருந்த ரப்பர் வளையங்கள், எண்ணெயின் சேர்க்கை மாறும்போது சுருங்கிக் கசிவதுண்டு. பம்ப் சீல்களை மாற்றும்போது டீசலைத் தாங்கும் விட்டான் வகை ரப்பர் வளையங்களைக் கேட்டு வாங்குங்கள். டாங்கை இரவில் காலியாக விடாமல் நிரப்பி நிறுத்துங்கள். மலைப்பனியில் காலி டாங்கின் உட்சுவரில் நீர் வியர்த்து, டீசலுக்கு அடியில் சேரும். ஃபில்டரின் கீழ்த்திருகை அவ்வப்போது தளர்த்தி அந்தத் தண்ணீரை வடித்துவிடுங்கள்.

நாசில்களை மட்டும் வீட்டில் தொட வேண்டாம். 200 பாரை ஒட்டிய அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலி குறைவாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. என்னிடம் வேலை பழகிய தம்பி இப்போது காமன் ரெயில் என்னும் புதிய வகை டீசல் வண்டிகளுக்கென்று பெரிய மெஷின் போட்டிருக்கிறார். ஆனாலும் மைக்கோ கம்பெனியின் பழைய டீசல் பம்ப் வந்தால் அவரே உட்கார்ந்து பார்க்கிறார். கரும்புகை வந்தால் மட்டும் நாசில்களைக் கழற்றி அவரிடம் கொண்டு வரலாம்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். முதலில் மூடியும் தெர்மோஸ்டாட்டும் போட்டு ஒரு லோடு ஏற்றிப் பாருங்கள், பிறகு ரேடியேட்டர், அதன் பின் டீசல் லைன். இவ்வளவும் செய்த பிறகும் சூடு ஏறினால், ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் இடைவிடாமல் குமிழி வந்தால் இன்ஜின் தலைப்பகுதிக்கும் (ஹெட்) பிளாக்குக்கும் இடையில் உள்ள ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது ஹெட்டைக் கழற்ற நானே மலைக்கு வருகிறேன். சோளக்காட்டுச் சந்தைச் சரக்குடன் இறங்கும்போது பழைய மூடியை எறிந்துவிடாமல் கொண்டு வாருங்கள். எத்தனை பாரில் அது திறக்கிறது என்று டெஸ்டரில் வைத்துப் பார்த்துவிடலாம்.

வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்