பக்கவாதம் வந்தால் படுக்கைதானா?

ஆசிரியருக்கு வணக்கம். நம் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அதனால் பக்கவாதமும் நமக்குப் புதிதல்ல. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரை "பாவம், அசையாதீங்க" என்று படுக்க வைத்துச் சோறு ஊட்டுகிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அசையாத தோள் இறுகி வலிக்கும், தசை மெலியும்; பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, கோப்பையை எட்டி எடுப்பது என்று ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் மூளையின் பழுதுபடாத பகுதிகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்கின்றன. முதல் சில மாதங்களில் பலன் அதிகம், அப்புறமும் நின்றுவிடுவதில்லை. எண்ணெய் தடவி நீவுவது சரி, இதமாக இருக்கும், ஆனால் பயிற்சிக்கு ஈடாகாது. டாக்ஸி பிடித்து மருத்துவமனைக்குப் போக முடியாதவர்களுக்காக, பகலில் பூட்டிக் கிடக்கும் கோயில் மண்டபங்களுக்கு ஒரு பிசியோதெரபிஸ்டை வரவழைத்தால் என்ன?

ஒரு வாசகர், டர்பன்