அடிஸ் அபாபாவில் இருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி, அது பழையதுதான். சித்தப்பா விஷயம் அப்படியே கிடக்கிறது. நீ போன் பேசி மூன்று வாரம் ஆகிறது. வேலை இருக்கும். கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் உன் வேலையைப் பற்றித்தான் பேசுகிறேன், எனக்குத்தான் உன்னிடம் பேசக் கொடுத்துவைக்கவில்லை.

நீ அனுப்பிய படம் வந்தது. அந்த ஊர் தோசை இன்ஜெரா, நல்ல தெஃப் தானிய மாவில் சுட்டது, பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆப்பம் மாதிரி கண் கண்ணாக இருக்கிறது. மாவை மூன்று நாள் புளிக்கவைத்து, மிதாத் கல்லில் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்பக்கமாக ஊற்றி, மூடி போட்டு, திருப்பாமல் எடுத்தால்தான் அப்படி வரும். ஓட்டலில் இந்தப் பக்குவம் வராது. யார் வீட்டில் சாப்பிட்டாய்?

சும்மா கேட்டேன். வயிற்றைப் பார்த்துக்கொள். கிட்ஃபோ என்கிற கொத்துக்கறியைப் பச்சையாகச் சாப்பிடாதே. லெப் லெப் என்றால் லேசாகச் சூடு காட்டுவார்கள், அதுவும் வேண்டாம், நன்றாக வேகவைத்துத் தரச் சொல். நீ கறி தின்பது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது.

அந்த வீட்டில் புதன், வெள்ளி விரதம் உண்டா? இருந்தால் நல்லது. அன்றைக்குக் கறி, முட்டை, பால், வெண்ணெய் கிடையாது. ஷிரோ மாவுக் குழம்பு, மிசிர் வொத் பருப்புக் குழம்பு, கோமென் கீரைதான். ஈஸ்டருக்கு முன்னால் 55 நாளும் இதே கதை. வெங்காயம் பூண்டை விட்டுவிட்டால் நம் வீட்டு அமாவாசைச் சமையல்தான். இதை அம்மா காதில் போட்டுவைத்திருக்கிறேன்.

படத்தின் இடது ஓரத்தில் ஒரு கை இருக்கிறது. வெள்ளிக் காப்பு. உன் வாய்க்கு நேராக ஒரு கவளம். மீதியை வெட்டிவிட்டாய். "யாருங்க ஊட்டுறது?" என்று அம்மா கேட்டாள். அந்த ஊரில் ஓட்டல் சர்வர்கூட ஊட்டுவான் என்று சொல்லிவைத்தேன். வேண்டியவர்களுக்கு அன்பாய் ஊட்டுகிற குர்ஷா என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா?

1983இல் நானும் எத்தியோப்பியாவுக்கு, டெப்ரே மார்கோஸ் ஊருக்குக் கணக்கு வாத்தியாராகப் போனேனே, அப்போது முதல் வாரமே வீட்டுக்காரம்மா என்னைக் குடும்பத்தோடு மெசோப் என்கிற கூடை மேஜையைச் சுற்றி உட்காரவைத்தார். எல்லாருக்கும் ஒரே தட்டு. புதன்கிழமை. ஷிரோவில் தோய்த்த இன்ஜெராவை உருட்டி என் வாயருகே நீட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எச்சில் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எச்சில் மட்டும் இல்லை, நம் வீட்டில் வளர்ந்தவன் நீ, உனக்குப் புரியும். அந்தக் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அப்புறம் அந்தக் கவளத்தைத் தன் சின்னப் பையன் வாயில் வைத்தார். சிரித்துக்கொண்டேதான்.

அதன் பிறகு இரண்டு வருஷம், 84இல் வடக்கே வொல்லோவில் பஞ்சத்தில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோதுகூட, புதனும் வெள்ளியும் என் அறை வாசலுக்கு ஒரு தட்டு வந்துவிடும். மூடி போட்டு, தனியாக. "எனக்கு மட்டும் தனித்தட்டு வைத்து உபசரித்தார்கள்" என்று உங்களிடம் எத்தனை தடவை பெருமையடித்திருக்கிறேன். அது உபசாரம் இல்லை தம்பி. நான் திருப்பிய முகத்துக்கு அவர் கண்டுபிடித்த வழி. ஊர் திரும்பி ஒரு கடுதாசிகூடப் போடவில்லை.

காபி போட்டால் மூன்று சுற்றும் உட்கார். அபோல், தோனா, பரக்கா. பரீட்சைத் தாள் திருத்தணும் என்று நான் முதல் சுற்றிலேயே எழுந்துவிடுவேன். நீ அப்படிச் செய்யாதே.

அடுத்த தடவை படத்தை வெட்டாமல் அனுப்பு. என் நம்பருக்கு மட்டும். தை முடியட்டும், அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

கிட்ஃபோ விஷயம் மறக்காதே.

அப்பா